கரண்ட் இல்லாத டெக்சாஸ் குளிரில் ஓர் ஓணானைக் காப்பாற்றிய கதை

"சுழற்சி முறையில் கொஞ்ச நேரம் மின்தடை" என்றார்கள். எங்களுக்கு மட்டும் அது சுழலவே இல்லை. டெக்சாஸைப் பனிப்புயல் தாக்கிய 2021 பிப்ரவரி 15, திங்கள் அதிகாலை ஆஸ்டினில் போன கரண்ட் அடுத்த நாளும் வரவில்லை. ஆள் நடமாட்டமே இல்லாத டவுன்டவுன் கட்டடங்களில் விளக்கு ஜெகஜோதியாக எரிந்ததை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

எங்கள் அப்பார்ட்மெண்டில் ஹீட்டர், அடுப்பு எல்லாமே கரண்டில்தான். நாங்கள் கம்பளியைப் போர்த்திக்கொள்ளலாம். பையன் வளர்க்கும் பியர்டட் டிராகன் என்ன செய்யும்? நம்மூர் ஓணான் குடும்பம்தான், ஆஸ்திரேலியக் கிளை. பகலில் 40 டிகிரி செல்சியஸ் விளக்கடியில் கிடக்கிற ஜீவன். மத்தியானத்துக்குள் தொட்டியில் வெப்பமானி 12 காட்டியது. தாடி கறுத்து, கண்ணை மூடி, தொட்டாலும் அசையாமல் கிடந்தது.

முந்தின சாயங்காலம்தான் வயிறு முட்டத் தின்றிருந்தது. அதுதான் பெரிய பயம். உடம்பில் சூடு இல்லையென்றால் செரிமானம் நின்று, தின்றது உள்ளேயே அழுகும். பனிப்புயல் அறிவிப்பு வந்தால் முந்தின நாளே தீனியை நிறுத்திவிடுங்கள்.

அவசரக் கால்நடை மருத்துவமனை ஒன்றுக்குப் போன் போட்டேன். நெடுநேரம் பாட்டுக் கேட்க வைத்துவிட்டு, "நாயா, பூனையா?" என்றார் ஒரு பெண். சொன்னேன். "ஊர்வன பார்க்கிறவர் இன்று வரவில்லை. வெதுவெதுப்பாக வைத்திருங்கள்" என்று வைத்துவிட்டார். வெதுவெதுப்புக்கு வழி தெரிந்தால் நான் ஏனம்மா போன் செய்கிறேன்? ஒரு பெட் ஷாப்காரரோ தொட்டிக்குப் பக்கத்தில் மெழுகுவர்த்தி ஏற்றச் சொன்னார். தயவுசெய்து வேண்டாம். தீப்பிடிக்கும், கண்ணாடி விரிசல் விடும், புகை வேறு. கம்ப்யூட்டர் யூபிஎஸ்ஸையும் நம்பாதீர்கள். தொட்டியைச் சூடாக்கும் 100 வாட் பீங்கான் ஹீட்டரை அது அதிக நேரம் தாங்காது.

கைகொடுத்தது வாட்டர் ஹீட்டர் டேங்க். கரண்ட் போய் வெகுநேரம் ஆகியும் உள்ளே தண்ணீர் சூடாகவே இருந்தது. பாட்டில்களில் பிடித்து, துண்டு சுற்றி, தெர்மோகோல் பெட்டியில் வைத்து, நடுவில் துணிப்பையோடு ஓணானை வைத்தோம். மூடியில் ஓட்டை போட மறக்காதீர்கள். வெப்பமானி மெல்ல 24-க்கு ஏறியது. அப்புறம் குழாயில் தண்ணீரும் நின்றது.

அடுத்து, கையைச் சூடாக்கும் சின்னப் பொட்டலங்கள். காற்றில் இருக்கும் ஆக்சிஜன் பட்டு உள்ளே இருக்கும் இரும்புத்தூள் சூடாகும் சரக்கு. காற்றுப் புகாத பெட்டியில் போட்டால் வேலை செய்யாது. நேரடியாக உடம்பில் பட்டால் புண்ணாகிவிடும். வயிறு வேகிறது என்றுகூட இந்தப் பிராணிக்குச் சட்டென்று தெரியாது. தடித்த சாக்ஸுக்குள் போட்டு, பைக்கு வெளியே வைக்க வேண்டும். கடைகளில் இதெல்லாம் தீர்ந்துபோயிருந்தது. பக்கத்து வீட்டு வேட்டைக்காரர் ஒரு கட்டுக் கொடுத்தார், புண்ணியவான்.

இரவில் என் சட்டைக்குள்தான் படுக்கை. அம்மா போனில் சிரித்தாள்: "வேலியில போற ஓணானை வேட்டிக்குள்ள விட்டுக்கிட்ட கதைன்னு சொல்லுவாங்க, நீ நெஜமாவே விட்டுக்கிட்டியாடா!" நகம் குத்தத்தான் செய்தது. ஆனால் மனித உடம்புச் சூட்டை மிஞ்சிய ஹீட்டர் இல்லை, அதிகமாகவும் கொதிக்காது.

காரில் ஹீட்டர் போட்டும் உட்கார்ந்தோம், திறந்த வெளியில் நிறுத்தி, புகைக்குழாயைச் சுற்றிப் பனியைத் தள்ளிய பிறகு. மூடிய கராஜில் காரை ஓடவிட்டு கார்பன் மோனாக்சைடில் செத்தவர்கள் அந்த வாரம் டெக்சாஸில் உண்டு.

கரண்ட் வந்ததும் விளக்கடியில் தூக்கிப் போடவில்லை. அறைச் சூட்டில் கொஞ்ச நேரம் வைத்து, பிறகு விளக்கு. சாப்பாடு கொடுக்கவில்லை. மறுநாள் தொட்டியில் ஒரு பெரிய கக்கா. வீடே கைதட்டியது. குடல் வேலை செய்கிறதே!

தீனிக்கு வைத்திருந்த கிரிக்கெட் பூச்சிகள் மொத்தமும் விறைத்துச் செத்திருந்தன. கடையிலும் சரக்கு இல்லை. வேறு வழியில்லாமல் கீரை போட்டோம், என்னை முறைத்துக்கொண்டே தின்றது.