கொஞ்சம் இறுகியிருக்கு

"தம்பி, இது என் லென்ஸ் இல்லையே" என்றார், என் கடையில் சரிபார்க்கக் கொடுத்த லென்ஸைத் திரும்ப வாங்க வந்த பெரியவர். நான் உடனே லென்ஸில் இருந்த நம்பரையும் பில்லில் எழுதியிருந்த நம்பரையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். இரண்டும் ஒன்றுதான். அவர் நம்பரைப் பற்றிக் கேட்கவே இல்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

லென்ஸ் நிக்கானின் நிக்கார் 105 எம்எம், எஃப் 2.5, ஏஐ-எஸ், கையால் ஃபோகஸ் செய்கிற பழைய ரகம். இதை விற்க வருகிற அத்தனை பேரும் 1984-ல் புகைப்படக்காரர் ஸ்டீவ் மெக்கரி அந்தப் புகழ்பெற்ற ஆப்கன் சிறுமி படத்தை எடுத்தது இதில்தான் என்று ஆரம்பிப்பார்கள், விலையை ஏற்ற. அவர் அதெல்லாம் பேசவில்லை, விற்கவும் வரவில்லை. கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்து, "கொஞ்சம் இறுகியிருக்கு, பாத்துக் குடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ஸ்டுடியோ வைத்திருந்து மூடியவர், எழுபதைத் தாண்டியிருப்பார். லென்ஸைக் கண்ணாடி மேசைமேல் வைத்தபோது டக டகவென்று சின்னதாக ஒரு சத்தம் வந்தது, கை நடுங்கியதால். அதை நான் கவனித்தேன். அடுத்து நான் செய்ததெல்லாம் அந்தச் சத்தத்தில் இருந்துதான் தொடங்கியது.

திருப்பிப் பார்த்தபோது ஃபோகஸ் ரிங் உண்மையிலேயே இறுகித்தான் இருந்தது. பழைய கிரீஸ் அப்படித்தான், அதிலிருக்கிற எண்ணெய் பிரிந்து வெளியே ஊர்ந்து போய்விடும், மிச்சம் பசை மாதிரி மரையிலேயே உட்கார்ந்துகொள்ளும். பிரிந்த எண்ணெய், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற பிளேடுகளில் ஏறினால் அது தனி வேலை. ஆகவே கழற்றியது தப்பு என்று யாரும் சொல்ல முடியாது. வேலையையும் ஒழுங்காகவே செய்தேன். இந்த மரைக்கு ஒரு ஆரம்பம் இல்லை, பல ஆரம்பம், எந்த இடத்தில் பிரிகிறதோ அங்கே கோடு கிழித்து வைத்துக்கொள்ளாவிட்டால் திரும்ப மாட்டும்போது இன்ஃபினிட்டி வராது, அதாவது ரொம்ப தூரத்தில் இருப்பது ஃபோகஸ் ஆகாது. கோடு கிழித்தேன், கழுவினேன், காயவைத்தேன், மாட்டி இன்ஃபினிட்டி பார்த்தேன், சரியாக வந்தது. இடையில் ஒரே ஒரு முடிவுதான் எடுத்தேன், எந்த டப்பா என்று.

என்னிடம் மூன்று டப்பா கிரீஸ் உண்டு. லைட், மீடியம், ஹெவி. இந்த மாதிரி பழைய நிக்காருக்கு நான் வழக்கமாகப் போடுவது மீடியத்துக்கும் ஹெவிக்கும் நடுவில், இரண்டையும் கலந்து. அன்றைக்கு லைட் போட்டேன். வயசானவர், கை நடுங்குகிறது, சிரமப்படாமல் திருப்பட்டும் என்று. யாரும் கேட்காத கருணை.

ரிங் எப்படி இருக்க வேண்டும் என்பதை இத்தனை வருடத்தில் எந்த வாடிக்கையாளரும் எனக்குச் சொல்லிப் புரியவைத்ததில்லை, எல்லோரும் "ஸ்மூத்தா" என்பார்கள், ஒவ்வொருவர் ஸ்மூத்தும் வேறு. கல்யாண வீடியோ எடுக்கிற பையன்களுக்கு ஒரு விரலால் தள்ளினால் ஓட வேண்டும். ஹீலியோஸ் 44-2 வாங்கி வருகிறவர்களுக்கு ரிங் எப்படி இருந்தாலும் படத்தில் பின்னணி சுழல்கிற மாதிரி தெரிந்தால் போதும், அந்த ரஷ்ய லென்ஸ்களில் இரண்டு ஒரே மாதிரி திரும்பி நான் பார்த்ததில்லை. ஜெர்மன் கம்பெனி சைஸின் (Zeiss) பிளானர் லென்ஸைத் திருப்பினால் ஆட்டுக்கல்லில் மாவு பதமாகும்போது குழவி சுற்றுமே, அந்த எதிர்ப்பு, எங்கேயும் தூக்காமல் எங்கேயும் பிடிக்காமல், ஒரு சுற்று முழுக்க ஒரே கனத்தில் இருக்கும். கேனன் 50 எஃப் 1.8-ன் இரண்டாவது மாடலில், 1990-ல் வந்தது, ரிங் என்று ஒரு வளையல் மாதிரி முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும், திருப்பினால் பிளாஸ்டிக் பல்லின் கரகரப்பு விரலில் தெரியும்.

இதற்கெல்லாம் காரணம் உண்டு. நிக்கானில் ஆட்டோஃபோகஸ் வந்த புதிதில் கேமரா பாடிக்குள் இருக்கிற குட்டி மோட்டார்தான் ஒரு தண்டு வழியாக லென்ஸைத் திருப்ப வேண்டும். கனமாக இருந்தால் அது திணறும். அதனால் ரிங்கை இலகுவாக்கி, திருப்ப வேண்டிய தூரத்தையும் குறைத்துவிட்டார்கள். மோட்டாருக்கு நல்லது, கைக்கு ஆகாது. இப்போதைய மிரர்லெஸ் லென்ஸ்களில் பெரும்பாலானவற்றில் ரிங்குக்கும் கண்ணாடிக்கும் நடுவில் மரையே கிடையாது, ரிங் சுற்றுவதை சென்சார் பார்த்து மோட்டாரிடம் சொல்கிறது, அவ்வளவுதான். வேகமாகத் திருப்பினால் நிறைய நகரும், அதே தூரத்தை மெதுவாகத் திருப்பினால் கொஞ்சம்தான் நகரும். கேமராவை அணைத்துவிட்டால் ரிங் சும்மா சுற்றும். "அண்ணே, ரிங் லூஸா இருக்கு" என்று அதைக் கொண்டுவருகிறவர்களிடம் நான் என்ன டப்பாவைத் திறப்பது? மெனுவில் போய் லீனியர் என்று, வேகம் எதுவானாலும் சுற்றுகிற அளவுக்கே நகர்கிற மாதிரி, மாற்றிக்கொள்ளச் சொல்வேன், எல்லாக் கேமராவிலும் இருக்காது. பானசோனிக் எஸ் வரிசையில் ரிங் மொத்தம் சுற்ற வேண்டியது 90 டிகிரியா 360 டிகிரியா என்றுகூட நாமே வைத்துக்கொள்ளலாம். கனத்தை மட்டும் எந்த மெனுவிலும் மாற்ற முடியாது.

பேச்சு எங்கேயோ போய்விட்டது. இதையெல்லாம் தெரிந்தவன் நான் என்று சொல்ல வந்தேன். மோட்டாருக்காக ரிங்கை இலகுவாக்கியவர்களைக் குறை சொல்லிக்கொண்டே இருக்கிறவன்தான் அன்றைக்கு லைட் டப்பாவை எடுத்தேன்.

பெரியவர் திரும்ப வாங்க வந்தபோது லென்ஸைக் கண்ணருகே கொண்டுபோகவில்லை. இடது உள்ளங்கையில் வைத்து, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் ரிங்கைப் பிடித்து, வாசலைப் பார்த்தபடி ஒருமுறை இன்ஃபினிட்டியில் இருந்து முழுக்க இழுத்தார். திரும்பத் தள்ளினார். அதற்குப் பிறகுதான் "இது என் லென்ஸ் இல்லையே" என்ற அந்த வாக்கியம். நான் நம்பரைக் காட்டியதும், "நம்பர் சரிதான் தம்பி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நிக்க மாட்டேங்குது" என்றார்.

நான் அதை ரிங் தானாக நகர்கிறது என்று எடுத்துக்கொண்டேன். லென்ஸை வாங்கிக் கவிழ்த்து, நிமிர்த்தி, ஆட்டிக் காட்டி, "பாருங்க, நகரலையே ஐயா" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. இப்போது யோசித்தால், நிற்காதது அவருடைய கை என்று தோன்றுகிறது. இந்த லென்ஸை 2 மீட்டர் தூரத்தில் முழுக்கத் திறந்து வைத்து ஒருவரை எடுத்தால் தெளிவாக வருகிற ஆழம் 5 சென்டிமீட்டர் சொச்சம்தான், ஃபோகஸைக் கண்ணில் வைத்தால் காது மங்கிவிடும். கனமான ரிங் நடுக்கத்தைத் தானே வாங்கிக்கொள்ளும், விரல் ஆடினாலும் ரிங் ஆடாது. இலகுவான ரிங் விரல் ஆடுகிற அத்தனையையும் கண்ணாடிக்கு அனுப்பிவிடும். அவர் கேட்டது எங்கேயோ ஓரிடத்தில் இருந்த பிடிப்பை மட்டும் எடுத்துவிடச் சொல்லித்தானோ என்னவோ. "கொஞ்சம்" என்றுதானே சொன்னார். நான் மொத்தத்தையும் எடுத்துவிட்டேன்.

அல்லது இதெல்லாம் என் கற்பனை. நாற்பது வருடப் பழக்கம், எப்படி மாற்றினாலும் "என்னுது இல்லை" என்றுதான் கை சொல்லும். இன்னொன்றும் இருக்கிறது, நான் சோதித்தது ஏசியில், அவர் திருப்பியது சித்திரை வெயிலில் பஸ்ஸில் வந்து இறங்கிய சூட்டோடு, கதவு திறந்திருந்த வாசலோரம். சூட்டில் எந்த கிரீஸும் இளகும். லைட் கிரீஸ் என்றால் கேட்கவே வேண்டாம். இது எனக்குச் சாதகமான வாதமா பாதகமானதா என்று இன்னும் தெளிவில்லை.

ஆனால் என்னை உறுத்துவது கிரீஸ்கூட இல்லை. "மறுபடி கொஞ்சம் இறுக்கித் தர முடியுமா?" என்று கேட்டார். ரொம்பத் தயங்கித்தான் கேட்டார், காசும் தருகிறேன் என்றார். நான் சொன்னது: "திரும்பத் திரும்பக் கழட்டினா மரை தேஞ்சுடும் ஐயா, இப்படியே வச்சுக்கங்க, பழகிடும்."

தேயாது. இன்னும் பத்து முறை கழற்றினாலும் கவனமாகச் செய்தால் ஒன்றும் ஆகாது. இரண்டு மணி நேர வேலை. அன்றைக்கு முகூர்த்த நாளுக்கு முந்தின நாள், மேசைமேல் ஏழு லென்ஸ், ஒவ்வொன்றுக்கும் ஒரு பையன் போன் செய்துகொண்டிருந்தான், அது நிஜம். நாளை மறுநாள் வாங்க என்று சொல்லியிருக்கலாம், அதுவும் நிஜம். நம்பரைக் காட்டியபோதே நான் தற்காப்புக்குப் போய்விட்டேன் என்று நினைக்கிறேன், திருடன் என்று யாரோ சொன்ன மாதிரி. அவர் தலையாட்டிவிட்டு, பாக்கியைக் கொடுத்து, அதே கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு மேசையில் பழைய லென்ஸ் மூன்றை வைத்திருக்கிறேன், மூன்று கனத்தில். வருகிறவர்களைத் திருப்பிப் பார்க்கச் சொல்லி எது பிடிக்கிறது என்று கேட்டுவிட்டுத்தான் கழற்றுகிறேன். பத்தில் எட்டுப் பேர் லைட்டைத்தான் காட்டுகிறார்கள். கேட்டது தப்பில்லை, ஆனால் கடையில் நின்று பத்து விநாடி திருப்பிப் பார்ப்பதை வைத்து என்ன சொல்லிவிட முடியும் என்றும் இருக்கிறது.

போன வாரம் ஒரு பையன் இதே 105-ஐக் கொண்டுவந்தான், மெக்கரி கதையோடு. மூன்றையும் திருப்பிப் பார்த்து லைட்டைக் காட்டினான். சரி என்றேன். உட்கார்ந்து கழுவி, காயவைத்து, டப்பாவைத் திறக்கும்போது கை மீடியத்துக்குப் போனது, அதோடு கொஞ்சம் ஹெவியையும் கலந்தேன். வாங்க வந்தவன் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணே, கொஞ்சம் டைட்டா இருக்கே" என்றான்.

"போகப் போக ஃப்ரீயாயிடும்" என்றேன். அவன் நினைக்கிற அளவுக்கு ஆகாது.