கல்லுப்பட்டிக்குப் போன கும்பாபிஷேகம்

ஆவணி முகூர்த்தம் வந்தால் மாவட்டத்துக் கோயில்களில் பாதிக்குக் கும்பாபிஷேகம் நடக்கும் என்பதும், அவ்வளவும் ஒரே பக்கத்துக்குள் அடங்கியாக வேண்டும் என்பதும் எங்கள் பத்திரிகை டெஸ்க்கின் தலைவிதி. எழுமலைப் பக்கத்து நிருபர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியில் வெறும் ‘கல்லுப்பட்டி’ என்றே எழுதியிருந்தார். அவருடைய உலகத்தில் இருப்பது எம்.கல்லுப்பட்டி ஒன்றுதான். செய்தியை எடுத்த உதவி ஆசிரியருக்கோ, 1960-இல் மறைந்த காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி.குமரப்பா தம் கடைசிக் காலத்தைக் கழித்த காந்தி நிகேதன் ஆசிரமம் இருக்கும் டி.கல்லுப்பட்டியைத் தவிர வேறொன்று தெரியாது. ஆகவே, மிகுந்த நல்லெண்ணத்துடன் முன்னால் ஒரு ‘டி’யைச் சேர்த்துப் பக்கத்தை முடித்துவிட்டு, இன்னொரு டீயைக் குடிக்கப் போய்விட்டார்.

விடிந்ததும் முதல் அழைப்பு, உசிலம்பட்டியில் இருக்கும் என் மாமனாரிடமிருந்துதான். சிவப்பு மையால் நாலு கோடாவது இழுக்காமல் பேப்பரை மடித்து வைக்கும் வழக்கம் அவருக்கு இல்லை. “மாப்பிள்ளை, பந்தியில உக்காந்து சாப்பிட்டு வந்தவன் நான், எந்த ஊருல சாப்பிட்டேன்னு உங்க பேப்பரைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கணுமா?” என்றார்.

திருத்தம் வெளியிட முடிவாயிற்று. மூன்று பேர் சம்பந்தப்பட்ட கொலையைப் பத்து நிமிடத்தில் பதினைந்து வரிக்குச் சுருக்கிவிடும் எங்கள் அலுவலகத்துக்கு, நான்கு வரித் திருத்தத்தை எழுத ஒரு மாலைப் பொழுது முழுதும் போதவில்லை. நிருபர் அனுப்பிய வாசகத்தில், முந்தைய செய்தியில் விடுபட்டிருந்த நன்கொடையாளர் எல்லோரும் வரிசையாக வந்து அமர்ந்திருந்தார்கள். தலைமை உதவி ஆசிரியர் அவர்களை எழுப்பி அனுப்பினார். பிறகு ‘வருந்துகிறோம்’ வேண்டுமா வேண்டாமா என்ற விவாதம் தொடங்கியது. தவறு தெரிந்தவுடன் உரிய முக்கியத்துவத்தோடு திருத்தம் வெளியிட வேண்டும், தவறு கடுமையானதாக இருந்தால் வருத்தமும் தெரிவிக்க வேண்டும் என்கிறது பிரஸ் கவுன்சில் நெறிமுறை. ஒரு கோபுரத்தையே ஊர் மாற்றி வைத்தது கடுமையான தவறா, சாதாரணத் தவறா என்று பேசி முடிப்பதற்குள் கேன்டீனில் வடை தீர்ந்துவிட்டது. உரிய முக்கியத்துவம் என்பதற்கு லேஅவுட் தம்பி கண்ட பொருள், போர்வெல் விளம்பரத்துக்குக் கீழே, பூதக்கண்ணாடிக்கு மட்டும் புலப்படும் எழுத்தில் ஓரிடம்.

இத்தனை பேர் கைபட்டு மெய்ப்புக்கு வந்தபோது அது ‘ஜி.கல்லுப்பட்டி’ ஆகியிருந்தது. அந்த ஊர் தேனி மாவட்டத்தில் இருக்கிறது. யார் மாற்றினார் என்பது இன்றுவரை துலங்கவில்லை. ஆனால் எங்கள் பிழைதிருத்தும் பெரியவர் மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்திராவிட்டால், மறுநாள் மாவட்ட எல்லை தாண்டியும் மன்னிப்புக் கேட்டிருப்போம். பிழை செய்பவர் பெயருக்கெல்லாம் இடம் தரும் பத்திரிகையில் பிழை பிடிப்பவர் பெயர் மட்டும் எங்கும் அச்சாவதில்லை என்பது எனக்கு நெடுநாளாக இருக்கும் குறை.

வெளியூர் வண்டிக்கான பக்கம் முதலில் போக வேண்டுமே என்று நாங்கள் பறந்துகொண்டிருந்த நேரத்தில் டி.கல்லுப்பட்டியிலிருந்து ஒரு பெரியவர் அழைத்தார். “தம்பி, செய்தியைப் பார்த்துட்டு மெட்ராஸ்ல இருக்கிற நம்ம ஊருப் பையங்க, எந்தக் கோயிலுன்னுகூடக் கேக்காம பணம் அனுப்பிட்டாங்க. நாங்களும் தை மாசத்துல ஒண்ணு நடத்திரலாம்னு பேசிட்டோம். அதுவரைக்கும் அந்தத் திருத்தத்தை நிறுத்தி வைங்களேன்.”

அப்படியெல்லாம் நிறுத்துவதற்கில்லை என்று தலைமை உதவி ஆசிரியர் பணிவாக விளக்கினார். பெரியவர் சற்றும் கலங்கவில்லை.

“சரி, உங்க கடமை, போட்டுக்கங்க. அதுக்காக வந்த பணத்தையெல்லாம் திருப்பி அனுப்ப முடியாது, தம்பி.”