அம்மாளுக்குக் குவித்து அளக்கும் கொத்து

இலங்கையின் முல்லைத்தீவுப் பக்கம் உள்ள வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கல் முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில்தான் தொடங்குகிறது. முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்து வந்து, அந்த உப்புத் தண்ணீரில் விளக்கேற்றுவார்கள். ஞாயிற்றுக்கிழமை பிள்ளையாருக்குப் பொங்கி, அங்கிருந்து மடைப்பண்டம் என்ற படையல் பொருட்கள் புறப்பட்ட பிறகு, திங்கட்கிழமை நந்திக்கடலோரம் கண்ணகை அம்மாளுக்குப் பொங்கல். நாங்கள் வவுனியாவிலிருந்து மாங்குளம், ஒட்டுசுட்டான் வழியாகப் போய் ஞாயிறு பின்னேரமே முள்ளியவளையில் இறங்கிவிடுவோம். ஒட்டுசுட்டானில் தான்தோன்றீஸ்வரரைக் கும்பிடாமல் மாமி தாண்ட விடமாட்டா.

எங்கள் நேர்த்திக்கடன் சின்னது. கொத்து என்பது நெல், அரிசி அளக்கும் பாத்திரம். இருபத்தொரு கொத்துப் பச்சையரிசி, கற்பூரம், வெற்றிலை, பாக்கு. கடையில் நிறுத்து வாங்கின அரிசியை அப்படியே கொடுக்கக்கூடாது. முள்ளியவளையில் சொந்தக்காரர் வீட்டுத் திண்ணையில் பாய் விரித்து, எங்கள் வீட்டுப் பித்தளைக் கொத்தால் திரும்பவும் அளக்கவேண்டும். அதன் விளிம்பு ஒரு பக்கம் தேய்ந்து கத்திமுனையாக இருக்கிறது. மறுபக்கம் தடிப்புக் குறையவில்லை. ஒரே கையால், ஒரே பக்கமாக, எத்தனையோ வருஷம் நெல்லுக்குள் குத்தி அள்ளின தேய்மானம் அது. இந்த முறை என் மகன் அளந்தான். முதல் கொத்தை அள்ளி, உள்ளங்கையால் மேலே வழிக்கப் போனான்.

“தலை தட்டாதை தம்பி. அம்மாளுக்குக் குவிச்சு அள” என்றா மாமி.

அந்தக் கொத்து மாமியின் பூட்டனுடையது, அதாவது அவவின் அம்மம்மாவின் தகப்பனுடையது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பருத்தித்துறையிலிருந்து தோணியில் வந்து முல்லைத்தீவில் கடை போட்டவர். வாடைக்காற்றுக் காலத்தில் அந்தத் திறந்த கரையில் தோணி பிடிக்க முடியாது. தென்மேற்கிலிருந்து சோளகம் வீசும் மாதங்களில்தான் புகையிலை, புடைவை, தேங்காயெண்ணெய் எல்லாம் வந்து இறங்கும். இறங்கியதை மாட்டுவண்டியில் ஏற்றி, தண்ணீரூற்று, ஒட்டுசுட்டான் பக்கத்து ஊர்களுக்குக் காட்டுப்பாதையால் கொண்டுபோவார். திரும்பும் வண்டியில் நெல், தேன், மெழுகு, மான்கொம்பு.

காசு அரிதான காலம். 1872இல் இலங்கைக்கு ரூபாய் நாணயம் வந்த பிறகும் வன்னிக் கமக்காரன் கையில் அது தங்கியதில்லை. 1892 வரை அரசாங்கத்துக்கு நெல்வரியும் கட்டவேண்டி இருந்தது. விதைப்புக் காலத்தில் உப்பும் புடைவையும் கடனாகக் கொடுத்துவிட்டு, மாசி பங்குனியில் காலபோக வெள்ளாண்மை அறுத்ததும் களத்திலேயே நெல்லாக வாங்குவது பூட்டன் வழக்கம். கொடுக்கும்போது தலை தட்டிய கொத்து. வாங்கும்போது குவித்த கொத்து. மாமி இதை மறைத்ததே இல்லை. அவவுக்கு இதைச் சொன்னது அவவின் அம்மம்மா. அதாவது, அந்த வியாபாரியின் சொந்த மகள். அன்று எல்லா வியாபாரியும் அப்படித்தான் என்று என்னிடம் சிலர் சொல்லியிருக்கிறார்கள். இருக்கலாம். ஆனாலும் ஒவ்வொரு கொத்திலும் குவிந்து நின்ற அந்த ஒரு பிடி நெல், காய்ச்சலோடும் யானையோடும் போராடி விளைவித்தவனுடையது. என் மனம் அவன் பக்கம்தான் நிற்கிறது.

பிறகு ஒரு வருஷம் ஊரில் அம்மாள் வருத்தம், அதாவது அம்மை நோய், பரவியது. பூட்டனுடைய இரண்டு ஆண்பிள்ளைகளும் ஒரே கிழமைக்குள் போய்விட்டார்கள். மூன்றாவதாக இந்த மகள் படுத்தாள். வேப்பிலைக்கு மேல் கிடந்த பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தவர், கடையைப் பூட்டிவிட்டு முல்லைத்தீவிலிருந்து வற்றாப்பளைக்கு நடந்து போனாராம். பிள்ளை பிழைத்தால் வைகாசிதோறும் இருபத்தொரு கொத்து அரிசி, குவித்து அளந்தது என்று நேர்ந்தார். அதோடு, இனிக் கடையிலும் கொடுப்பது குவித்த கொத்து, வாங்குவது தலை தட்டியது என்றும் அம்மாளிடம் வாக்குக் கொடுத்தார். இரண்டாவது வாக்குத்தான் எனக்குப் பெரிது. அரிசி வருஷத்தில் ஒருநாள் செலவு. மற்றது வியாபாரியின் அன்றாட லாபம். அதன்பிறகு கடை பெருகவில்லை, படுக்கவுமில்லை என்பா மாமி.

மதுரையை எரித்து வந்த கண்ணகை, நந்திக்கடலோரம் மாடு மேய்த்த பிள்ளைகளிடம் கிழவியாய் வந்து பசிக்கிறது என்றா என்பது தலவரலாறு. பிள்ளைகள் புக்கை (பொங்கல் சோறு) பொங்கிக் கொடுத்தார்கள். விளக்குக்கு எண்ணெய் இல்லை என்றபோது கடல்தண்ணீரை விட்டு ஏற்றச் சொன்னா. பேன் பார்க்கக் குனிந்தவர்களுக்கு அவவின் தலையெல்லாம் ஆயிரம் கண் தெரிந்தது. சின்ன வயதில் அந்த ஆயிரம் கண் எனக்குப் பயமாக இருந்தது. இப்போது அந்தக் களத்து நெல்லையும் அவை பார்த்துக்கொண்டிருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

2009இல் போரின் கடைசி நாட்களில் நந்திக்கடலைச் சுற்றி நடந்தது எல்லோருக்கும் தெரியும். காணி உறுதிகளும் பூட்டன் எழுதின கணக்கு ஏடுகளும் இருந்த பெட்டகம் வீட்டோடு அழிந்தது. இந்தக் கொத்தை மாமி நினைவுப்பொருளாகக் கொண்டுபோகவில்லை. பங்கர்க் குழிக்குள் கஞ்சிக்கு அரிசி அளக்க ஏதாவது வேண்டியிருந்தது, அவ்வளவுதான். பக்கத்துப் பிள்ளைகளுக்கும் அதிலேதான் அளந்தா. போருக்குள்ளிருந்து வெளியேறி வட்டுவாகல் பாலம் தாண்டும்போது அவவின் பையில் இருந்த உலோகம் இது ஒன்றே.

திங்கள் இரவு கோயில் வீதியில் கால் வைக்க இடமில்லை. காவடிகள், கற்பூரச்சட்டி ஏந்திய பெண்கள், அடுப்புப் புகை, பறைச் சத்தம். சனத்துக்குள்ளால் மகன் அரிசிக் கடகத்தைத் தலையில் சுமந்துபோய்க் கொடுத்துவிட்டு வந்தான். மாமி வெறுமையான கடகத்தை வாங்கிக்கொண்டு, “அம்மம்மாவின்ரை முகம் முழுக்கத் தழும்பு. நான் மடியில இருந்து விரலால எண்ணுவன், அவ பேசாமல் இருப்பா” என்றா.

ஆண்பிள்ளைகள் இல்லாமல் போனதால் கடை அந்த மகளுக்கும் மருமகனுக்கும் வந்தது. நாங்கள் எல்லோரும் அவவின் வழி. பூட்டனின் பெயரை எங்கள் வீட்டில் ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு பையனுக்கு வைத்திருக்கிறார்கள். அவவின் பெயரை ஒருவருக்கும் வைக்கவில்லை. மகனின் மனைவிக்கு ஆவணியில் பிள்ளை பிறக்கவிருக்கிறது. பெண்ணாக இருந்தால் அந்தப் பெயர்தான் என்று புக்கை சாப்பிட்டுக்கொண்டே முடிவெடுத்தோம்.