நடு ஃபாரம்

மெய்ப்பு பார்ப்பவர் மேசைக்குப் புத்தகம் பெரும்பாலும் முழுதாக வருவதில்லை. 16 பக்க ஃபாரங்களாக வரும். முதல் நான்கை வேறொருவர் பார்த்துக்கொண்டிருப்பார். ஐந்தும் ஆறும் என்னிடம் வந்துவிடும். நாவல் என்றால், யாரோ ஒருத்தி கோபமாக எழுந்து போகிறாள். யார் மேல் கோபம், அது நியாயமானதா என்பதெல்லாம் எனக்கு வராத ஃபாரங்களில் இருக்கிறது. நான் பார்க்க வேண்டியது அவள் பெயருக்குப் பின்னால் ஒற்று சரியாக விழுந்திருக்கிறதா என்று. அது முடிந்ததும் சமையல் புத்தகம், மதியத்துக்கு மேல் கணக்குப் பதிவியல் பாடநூல். இப்போது எல்லாம் பிடிஎஃப்தான், முழுப் புத்தகத்தையும் ஒரே கோப்பாக அனுப்பலாம். ஆனாலும் அவசரம் என்று வந்துவிட்டால் பிரித்துத்தான் கொடுக்கிறார்கள்.

முழுக்கப் படிக்காமல் ஒரு புத்தகத்தைப் பற்றி வாய் திறக்கக்கூடாது என்பார்கள். விமர்சனம் எழுதுகிறவருக்கு அது பொருந்தும். நான் இந்த வேலைக்கு வந்தபின் மெல்ல வேறு பக்கம் சாய்ந்துவிட்டேன். பாதியில் இருக்கும்போது தோன்றுவது, முடித்தபின் தோன்றப்போவதற்கான ஒத்திகை இல்லை. அது தனிச் சரக்கு. அப்புறமாக அதைத் திரும்பப் பெறவும் முடியாது. முடிவு தெரிந்துவிட்டால், எந்த இடத்தில் மலைத்தோம், எந்த இடத்தில் சலித்தோம் என்பதையெல்லாம் மனம் தன் வசதிக்கு மாற்றி எழுதிக்கொள்ளும்.

முதல் ஃபாரம் எப்போதும் சுத்தமாக இருக்கும். ஆசிரியர் அதைத் தேய்த்துத் தேய்த்து எழுதியிருப்பார், நண்பர்களுக்குப் படிக்கக் கொடுத்திருப்பார். கடைசி ஃபாரமும் பெரும்பாலும் அப்படித்தான். பிழைகள் குடியிருப்பது நடுவில். ஏழாம் ஃபாரத்தில் தெய்வநாயகமாக இருந்தவர் ஒன்பதில் தெய்வசிகாமணி ஆகிவிடுவார். செத்துப்போன பெரியப்பா கல்யாணத்தில் வந்து நிற்பார். 'தேவையான பொருட்கள்' பட்டியலில் இல்லாத உப்பு, செய்முறையில் திடீரென்று ஒரு தேக்கரண்டி விழும். பாடநூலில் அட்டவணை 4.3 இருக்கும், 4.2 இருக்காது.

இதையெல்லாம் பிடித்துக்கொண்டிருந்ததில் ஒன்று தெரிந்தது. எழுதுகிறவர் களைத்துப்போகிற இடமும் தன்னை மறந்து எழுதுகிற இடமும் அனேகமாக ஒன்றுதான். விருந்தாளி வந்திருக்கிறாரே என்று நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவர், கொஞ்ச நேரத்தில் காலை நீட்டிக்கொண்டு பேசத் தொடங்குவதுபோல, நடு ஃபாரங்களில் ஆசிரியர் நம்மைக் கவனிப்பதை விட்டுவிடுகிறார். பிழைகள் வருவதும் அப்போதுதான், அவருடைய சொந்தக் குரல் வருவதும் அப்போதுதான். நான் பென்சிலால் ஓரத்தில் கோடிட்டு வைத்த நல்ல வாக்கியங்களில் முக்கால்வாசி நடுப் பக்கங்களில் கிடைத்தவை.

ஆனால் அலுவலகத்தில் படிப்பதை வாசிப்பு என்று சொல்ல மாட்டேன். பொருளைத் தொடர்ந்தால் பிழை தப்பிவிடும், பிழையைத் தேடினால் பொருள் தப்பிவிடும். அதனால் வீட்டுக்குப் போனதும் எனக்கென்று தனியாகப் படிக்கிறேன். அங்கேயும் தொழில் பழக்கம் விடவில்லை, ஒரே சமயத்தில் நாலைந்து திறந்து கிடக்கும். எல்லாமே இப்போது பாதியில்.

ஹெர்மன் மெல்வில்லின் மோபி டிக் 1851இல் வந்தது. 135 அத்தியாயங்கள், பின்னுரை தனி. நான் 60இல் நிற்கிறேன். திமிங்கிலத்தைத் துரத்தும் கதை என்று சொல்லித்தான் கையில் கொடுத்தார்கள். இதுவரை அந்த வெள்ளைத் திமிங்கிலம் தலைகாட்டவில்லை. 32ஆம் அத்தியாயத்தில் கதையை அப்படியே நிறுத்திவிட்டு, திமிங்கில வகைகளை மெல்வில் வரிசைப்படுத்துகிறார். எப்படி? புத்தக அளவுகளை வைத்து. பெரியவை ஃபோலியோ, நடுத்தரம் ஆக்டேவோ, சிறியவை டியோடெசிமோ. பலரும் இந்த இடத்தில்தான் புத்தகத்தை மூடிவைப்பதாகச் சொல்வார்கள். அச்சுத் தொழிலில் இருக்கும் ஒருவருக்கு இதைவிடக் குஷியான அத்தியாயம் கிடைக்காது. ஆக்டேவோ என்றால் ஒரு தாளை மடித்து எட்டு இலை, அதாவது 16 பக்கம். என் மேசைக்கு வருகிற அதே ஃபாரம்! அன்று முழுக்க ஒவ்வொரு ஃபாரமும் எனக்கு நடுத்தரத் திமிங்கிலமாகத்தான் தெரிந்தது.

60ஆம் அத்தியாயம் முழுக்க ஒரு கயிற்றைப் பற்றியது. ஈட்டியோடு கட்டியிருக்கும் கயிறு படகுக்குள் எப்படிச் சுற்றி வைக்கப்படுகிறது, துடுப்புப் போடுகிறவர்கள் நடுவே எப்படி ஓடுகிறது, அது விர்ரென்று உருவிக்கொண்டு போகும்போது ஒரு கை, ஒரு கால் சிக்கினால் என்ன ஆகும் என்று அவ்வளவு நிதானமாகச் சொல்கிறார். இந்தக் கயிறு பின்னால் யாரையோ பிடிக்கப் போகிறது என்று எனக்குச் சந்தேகம். அது சரியா தவறா என்பது முடிக்கும்போது தெரிந்துவிடும். தெரிந்தபின் கயிறு வெறும் முன்னறிவிப்பாகச் சுருங்கிவிடும். இன்றைக்கு அது கயிறாகவே இருக்கிறது, பயமுறுத்துகிறது.

இந்தப் புத்தகத்தின் அச்சு வரலாற்றில் எங்கள் தொழிலுக்கு வயிற்றைக் கலக்கும் சேதி ஒன்று உண்டு. லண்டன் பதிப்பு 1851 அக்டோபரில் மூன்று தொகுதிகளாக, வேறு தலைப்பில் வந்தபோது, பின்னுரை அதில் இல்லாமல் போனது. கதை சொல்கிறவன் எப்படிப் பிழைத்தான் என்பது அந்தப் பின்னுரையில்தான் இருக்கிறது. அது இல்லாததால், கடலில் போனவன் எப்படி வந்து கதை சொல்கிறான் என்று அங்கே சில விமர்சகர்கள் கேட்டார்கள். அடுத்த மாதம் வந்த அமெரிக்கப் பதிப்பில் பின்னுரை இருந்தது. ஒரு பக்கம் விடுபட்டால் என்ன ஆகும் என்று புதிதாக வருகிறவர்கள் கேட்கும்போது நான் சொல்லும் கதை இதுதான்.

மெல்வில்லுக்குப் பக்கத்திலேயே டார்வின் இருக்கிறார். உயிரினங்களின் தோற்றம், 1859இல் வந்த முதல் பதிப்பின் மறுஅச்சு. மொத்தம் 14 அத்தியாயம், நான் ஆறைத் தாண்டிக்கொண்டிருக்கிறேன். பாதியில் நிற்கும் வாசகரை டார்வின் அளவுக்கு மதித்த இன்னொருவரை நான் படித்ததில்லை. ஐந்து அத்தியாயம் தன் கருத்தைக் கட்டி எழுப்பியவர், ஆறாவதின் வாசலிலேயே, இங்கே வந்து சேருமுன் உங்களுக்கு ஏராளமான ஐயங்கள் தோன்றியிருக்குமே என்று தொடங்குகிறார். பிறகு தன் கோட்பாட்டுக்கு எதிரான கேள்விகளை அவரே எடுத்து வைக்கிறார். இடைநிலை வடிவங்கள் ஏன் எங்கும் நிறைந்திருக்கவில்லை? கண் போன்ற நுட்பமான உறுப்பு படிப்படியாக உருவாகியிருக்குமா? நான் ஓரத்தில் கேள்விக்குறி போட்டுவைத்த சில இடங்கள் இங்கே பதிலோடு வந்து நின்றன. கட்டுரைத் தொகுப்பு எழுதுகிற எல்லோரையும் இந்த அத்தியாயத்தைப் படிக்கச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. முக்கியமாக, முழு நம்பிக்கையோடு எழுதி, பக்கத்துக்கு மூன்று ஆச்சரியக்குறி போட்டு அனுப்புகிறவர்களை.

இதே அத்தியாயத்தில் ஒரு கரடி வருகிறது. வாயைத் திறந்தபடி மணிக்கணக்கில் நீந்தி, தண்ணீரில் இருக்கும் பூச்சிகளைப் பிடிக்கும் கரடி. அப்படிப்பட்ட கரடி இனம் இயற்கைத் தேர்வால் மெல்ல மெல்ல நீர்வாழ் பழக்கத்துக்கு மாறி, திமிங்கிலம் அளவுக்குப் பிரம்மாண்டமாகிவிடுவதில் தனக்குச் சிக்கல் எதுவும் தெரியவில்லை என்கிறார். கிண்டல் கிளம்பியது. 1860இல் வந்த இரண்டாம் பதிப்பில் அந்தப் பகுதியை வெட்டிச் சுருக்கிவிட்டார். எனக்கு அந்த நீளமான வாக்கியம் பிடித்திருக்கிறது. நடு ஃபாரத்தில் தன்னை மறந்து ஒருவர் எழுதியதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம். இந்த வாரம் இரண்டு புத்தகங்களிலும் திமிங்கிலம் வந்தது தற்செயல்தான்.

செர்வாண்டிஸின் டான் கிஹோத்தே பற்றி இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. 1605இல் வந்த முதல் பாகத்தின் எட்டாம் அத்தியாயத்தில் இருவர் வாளை ஓங்கிக்கொண்டு நிற்கும்போது, மூலப் பிரதி இத்துடன் முடிந்துவிட்டது என்று கதை நின்றுவிடுகிறது. ஒன்பதாவதில் கதைசொல்லி டொலேடோ நகரச் சந்தையில் பழைய தாள்களோடு மிச்சக் கதையைக் கண்டுபிடித்து, அரபியிலிருந்து மொழிபெயர்க்க ஆள் வைக்கிறார். முதல் ஃபாரமும் கடைசி ஃபாரமும் கிடைக்காமல் வேலை பார்க்கிறவளுக்கு இந்த நகைச்சுவை கொஞ்சம் கூடுதலாகவே புரிகிறது.

அப்புறம் டான் கிஹோத்தேயின் பணியாள் சாஞ்சோவின் கழுதை. முதல் அச்சில் கழுதை திருடுபோன சேதி எங்கும் இல்லை. ஆனால் போய்விட்டதே என்று புலம்புகிறார்கள், பிறகு எந்த விளக்கமும் இல்லாமல் கழுதை திரும்ப நிற்கிறது. அதே ஆண்டு மறுபடி அச்சிட்டபோது திருட்டைச் சேர்த்தார்கள், ஆனால் தவறான இடத்தில். கழுதை களவுபோன பிறகும் சாஞ்சோ அதன் மேல் உட்கார்ந்திருக்கிறான். திருத்தம் போட்டதால் முளைக்கும் புதுப் பிழை எங்கள் அலுவலகத்தில் தினசரி விஷயம், அதனால் இதைப் படித்தபோது 400 ஆண்டு தூரம் தெரியவில்லை. 1615இல் வந்த இரண்டாம் பாகத்தில் இதைப் பற்றிச் சாஞ்சோவிடமே கேட்கிறார்கள். வரலாறு எழுதியவர் தவறு செய்திருக்கலாம், இல்லையென்றால் அச்சிட்டவரின் கவனக்குறைவு என்று அவன் நழுவுகிறான். பழி எங்கள் பக்கம் தள்ளப்படுவது அப்போதே தொடங்கிவிட்டது. இந்தப் பகுதியைப் பக்க வடிவமைப்பு செய்யும் பெண்ணிடம் வாசித்துக் காட்டினேன். "அக்கா, பிரின்ட் எடுத்துச் சுவரில் ஒட்டிடலாமா?" என்றாள். ஒட்டியிருக்கிறோம்.

உ.வே. சாமிநாதையரின் என் சரித்திரத்தில் பாதி என்பதே வேறு மாதிரி. அவருக்கு ஏறக்குறைய 85 வயதானபோது, 1940இல் ஆனந்த விகடனில் தொடராக வரத் தொடங்கியது. 122 அத்தியாயங்களோடு நின்றுவிட்டது. 1942 ஏப்ரலில் அவர் மறைந்துவிட்டார், வாழ்க்கையின் பிற்பகுதி எழுதப்படவே இல்லை. 1950இல் நூலாக வந்தது. எழுதியவரே பாதியில் விட்ட புத்தகத்தில் நான் பாதியில் இருக்கிறேன். அதனால் எனக்கு அவசரமே வரவில்லை. முடிவைப் பிடிக்க ஓட வேண்டியதில்லை, இல்லாத முடிவு அது.

அவருடைய ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876இல் மறைகிறார். அந்த இடத்தைத் தாண்டியிருக்கிறேன். இங்கே வரைக்கும் அந்த இளைஞர் படித்திருப்பது பெரும்பாலும் அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், தலபுராணங்கள். தமிழில் படிக்க வேண்டியதையெல்லாம் படித்துவிட்டோம் என்ற நிறைவு அவரிடம் இருக்கிறது. 1880இல் கும்பகோணத்துக்கு முன்சீப்பாக வரும் சேலம் இராமசுவாமி முதலியார், இதையெல்லாம் படித்து என்ன பயன், சிந்தாமணி படித்திருக்கிறீர்களா என்கிற மாதிரிக் கேட்கப் போகிறார். 1887இல் சீவக சிந்தாமணி அச்சாகப் போகிறது, அப்புறம் பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு. எனக்குத் தெரியும், புத்தகத்துக்குள் இருக்கும் அவருக்குத் தெரியாது. மோபி டிக்கில் நான் தெரியாமல் நிற்கிறேன், இங்கே தெரிந்துகொண்டு நிற்கிறேன். இந்தப் பக்கங்களின் சுவை இந்த இடைவெளியில்தான். சிந்தாமணி கைக்கு வந்தபின் முன்பகுதியைத் திரும்பப் படித்தால் இதே பூரிப்பு இருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

எல்லாப் புத்தகத்துக்கும் இந்த நடு பொருந்தாது. கவிதைத் தொகுப்பில் நடு என்று எதுவும் இல்லை, எங்கே திறந்தாலும் முதல் பக்கம்தான். நிர்வாகத் திறன் கற்றுத்தரும் புத்தகம் ஒன்றை மூன்றாம் அத்தியாயத்தில் வைத்துவிட்டேன். அதன் நடு ஃபாரமும் முதல் ஃபாரம் போலவே விறைப்பாக இருந்தது. பிழையே இல்லை, ஆளும் இல்லை.

இப்போதெல்லாம் பாதியில் தோன்றுவதை ஒரு துண்டுத்தாளில் பக்க எண்ணோடு எழுதி அந்த இடத்திலேயே செருகிவிடுகிறேன். முடித்தபின் அதைத் திருத்துவதில்லை, அபத்தமாக இருந்தாலும். மெல்வில்லின் 60ஆம் அத்தியாயத்தில் இருக்கும் தாளில் 'கயிறு, கவனிக்கவும்' என்று எழுதியிருக்கிறேன். மெய்ப்பில் சந்தேகத்துக்குரிய சொல்லுக்குப் பக்கத்தில் போடுகிற அதே சுழித்த கோட்டையும் போட்டு வைத்திருக்கிறேன். ஆசிரியர் பதில் சொல்ல இன்னும் 75 அத்தியாயம் இருக்கிறது.