வெறும் இல தானே மாமா

போன ஞாயித்துக்கெழம அக்கா பையன் வீட்டுக்கு வந்தான். மலேசியா பேராக்ல, சுங்கை சிப்புட்ல எங்க தாமான்ல (குடியிருப்புல) பாதி பேரு தோட்டத்து லயத்துல இருந்து வந்தவங்க தான், சாயந்தரம் ஆனா எல்லாரும் வாசல்ல உக்காந்துருவோம், அப்படி உக்காந்திருக்கும்போது பாக்கெட்ல இருந்து ஒரு சின்ன பை எடுத்து காட்டுறான். காஞ்ச இல. பேரு சாங்காவாம், கூட்டாளி ஒருத்தன் குடுத்தானாம், சாம்பலோட சேத்து பைப்ல இழுப்பாங்களாம். "வெறும் இல தானே மாமா, சாம்பல் கூட நம்ம திருநீறு மாதிரி தானே."

திருநீறுன்னு அவன் சொன்னது எனக்கு ரொம்ப வலிச்சுச்சு.

எங்க ஆயா ரப்பர் தோட்டத்துல பால் வெட்டுனவங்க. விடிகாலைல பெரட்டுக்கு (வேலைக்கு பேர் கூப்பிடற எடத்துக்கு) போறப்பவே வாயில வெத்தல இருக்கும். வெத்தலயும் இல தான், பாக்கும் காய் தான், ஆனா சுண்ணாம்பு தடவுனா தான் பாக்குல உள்ள சத்து வாய்ல சுருக்குனு ஏறும். மெல்லறப்பவும் உறிஞ்சறப்பவும் சாம்பலும் அதே வேலைய செய்யும், காரம் அது, ஆஸ்திரேலியா பழங்குடி ஆளுங்க பித்துரி இலைய சாம்பலோட சேத்து மெல்லறதும், தென்னமெரிக்கால யோப்போ விதைய சாம்பலோ சிப்பி சுண்ணாம்போ சேத்து மூக்குல உறிஞ்சறதும் இதுக்கு தான். பாக்க மட்டும் மென்னா கூட புத்துநோய் வரும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புத்துநோய் ஆய்வு மையம் 2004லயே வெளியிட்டுச்சு. ஆயாவுக்கு கன்னத்துல புண்ணு வந்து, கடைசி ஆறு மாசம் கஞ்சி மட்டும் தான். இல தானேன்னு யாராச்சும் சொன்னா எனக்கு அந்த கன்னம் தான் ஞாபகம் வருது.

ஆனா அன்னிக்கு எனக்கு பக்குனு ஆனது அவன் மாத்திரைய நெனச்சு. ஒரு வருஷமா மனச்சோர்வுக்கு ஃப்ளூவாக்சிட்டின் சாப்பிடறான்.

சாங்கான்றது வெறும் இல இல்ல. டிஎம்டின்ற, இல்லாதத எல்லாம் கண்ணுல காட்டற போதைப்பொருள இலைல ஊற வச்சு காய வச்சது. 1931ல ரிச்சர்ட் மான்ஸ்கேன்ற கனடா கெமிஸ்ட் லேப்ல செஞ்ச சாமான், 1956ல ஸ்டீபன் சாரான்ற ஹங்கேரி டாக்டர் தனக்கே ஊசி போட்டு பாத்து தான் அது மனச என்ன பண்ணும்னு தெரிஞ்சுச்சு, 1971 ஐநா போதைப்பொருள் ஒப்பந்தத்துல ரொம்ப கடுமையான மொத பட்டியல்ல இருக்கு. சும்மா இழுத்தா கால் மணி நேரத்துல எறங்கிடும். அது நீடிக்கணும்னு அதுல காப்பி கொடியோட இலைய சேப்பாங்க, (குடிக்கற காப்பி இல்ல, அமேசான் காட்டு கொடி, அங்க அயாவாஸ்கான்ற போதை கஷாயம் காய்ச்சறது இத வச்சு தான்). மனநிலைய பாத்துக்கற செரோடோனின்ற ரசாயனத்தையும் இந்த டிஎம்டியையும் அழிக்கற ஒரு நொதி ஒடம்புல இருக்கு, மாவோன்னு சொல்லுவாங்க, அந்த கொடி அதையே நிறுத்திடும். இவன் மாத்திரை ஏற்கனவே செரோடோனின ஏத்தி வைக்குது. ரெண்டும் சேந்தா ஜொரம், நடுக்கம், கை கால் வெறச்சு போறது, நெஞ்சு படபடப்பு, பொலம்பல், உசுரே போகலாம்.

"அப்ப ரெண்டு நாளு மாத்திரைய நிறுத்திட்டு இழுத்தா?"

இத கேட்டதும் எனக்கு கண்ணு கலங்கிருச்சு. ஃப்ளூவாக்சிட்டின் அஞ்சு வாரம் வரைக்கும் ஒடம்புல தங்கும்டா, ரெண்டு நாள்ல போகாது, திடீர்னு நிறுத்துனா மனசு தான் திரும்ப கீழ விழும்னு சொன்னேன். பாக்கெட்ல என்ன இல இருக்குன்னு குடுத்தவனுக்கே தெரியாதுன்னும் சொன்னேன். தலைய குனிஞ்சுகிட்டான்.

இத படிக்கறவங்க வீட்ல யாருக்காச்சும் மாத்திரையோட இப்படி ஏதாச்சும் சேந்து ஜொரமும் வெறப்பும் வந்தா 999க்கு போன் போடுங்க, என்ன இழுத்தாங்கன்னு மறைக்காம சொல்லுங்க. பினாங்கு யூஎஸ்எம் பல்கலைக்கழகத்துல தேசிய நச்சு மையம் இருக்கு, 1-800-88-8099.

புதன்கெழம அவனுக்கு கிளினிக் அப்பாயின்மென்ட். டாக்டர் போலீஸ்ல சொல்லிருவாரோன்னு பயப்படறான், நானும் லீவு போட்டுட்டு கூட வரேன்னு சொல்லியிருக்கேன். பைய மட்டும் இன்னும் என்கிட்ட குடுக்கல.