நண்பர்கள் ராக் பேண்ட்: முதல் சண்டை சத்தத்தில், அடுத்தது பங்கில்

ரேடியோஹெட் என்ற ராக் பேண்டின் ஐவரும் இங்கிலாந்தின் ஆபிங்டன் பள்ளியில் படித்தவர்கள். வெள்ளிக்கிழமைகளில் ஒத்திகை பார்த்ததால், அவர்களின் முதல் பெயர் 'ஆன் அ ஃப்ரைடே'. சின்ன வயசுப் பழக்கம் ஒரு பேண்டுக்குப் பெரிய பலம். ஆனால் அந்தப் பழக்கமே 'இதை எப்படி அவன்கிட்ட சொல்றது' என்று வாயை அடைத்துவிடும். அது முதலில் வெடிப்பது ஒத்திகை அறையில்.

டிரம்ஸில் சத்தத்தைக் குறைக்க ஒரு குமிழ் கிடையாது. அதை மீறிக் கேட்க கிட்டார்காரர் ஆம்பை, அதாவது ஒலிபெருக்கிப் பெட்டியைக் கூட்டுவார், பேஸ் என்ற கீழ்ச்சுர கிட்டார் வாசிப்பவரும் கூட்டுவார். கடைசியில் பாடுபவரின் மைக்கைக் கூட்டினால், ஸ்பீக்கர் ஒலியே திரும்ப மைக்கில் புகுந்து ஃபீட்பேக் ஊளையிடும். இந்த வரிசையைத் தலைகீழாக்குங்கள். ஸ்பீக்கர் மைக்கின் முதுகுப் பக்கம் இருக்கட்டும். ஃபீட்பேக் எட்டிப்பார்க்கும் வரை குரலைக் கூட்டி, அங்கிருந்து கொஞ்சம் இறக்குங்கள். அறையின் உச்சவரம்பு அதுதான். குரல் தெளிவாகக் கேட்கும் அளவுக்கு டிரம்ஸ் அடங்க வேண்டும்; மெல்லிய குச்சிகள், சிம்பலில் மிதமான அடி. அதன்பின் பேஸ். கிட்டார் கடைசி.

ஆம்பைத் தரையில் வைத்தால் ஒலி வாசிப்பவரின் முழங்காலைத்தான் தாக்கும். நாற்காலியில் ஏற்றி, காதை நோக்கிச் சாய்த்தாலே பாதிச் சண்டை தீரும். இன்னொரு தவறு: வீட்டில் தனியாக வாசிக்கும்போது ஆம்பில் மிட்ஸை (நடு ஒலிகளை) குறைத்து, கெயினை (கரகரப்பைக் கூட்டும் குமிழை) ஏற்றினால் பிரமாதமாக இருக்கும், குழுவில் அதே டோன் காணாமல் போகும். மிட்ஸ் ஏறட்டும், கெயின் இறங்கட்டும். இரண்டு கிட்டார் இருந்தால் இருவரும் ஒரே இடத்தில் ஒரே கார்டைப் பிடிக்காதீர்கள், குழைந்துவிடும். ஒருவர் கிட்டார் கழுத்தின் முனையில், சில தந்திகளை அழுத்தாமல் பிடிக்கும் திறந்த கார்டுகள்; மற்றவர் ஏழாவது ஃப்ரெட்டுக்கு (கழுத்தின் குறுக்குக் கம்பிக்கு) மேலே.

காதுக்கும் கணக்கு உண்டு. 85 டெசிபலில் 8 மணி நேரம் தாங்கும் என்றால், ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலில் வெறும் 15 நிமிடம். இசைக்கலைஞர்களுக்கான காதடைப்பான் கட்டாயம். பஞ்சு வேண்டாம், அது உயர் ஒலிகளை மட்டும் தின்றுவிடும்.

அடுத்தது பங்கு. பாட்டின் உரிமை வேறு, அதன் ஒலிப்பதிவின் உரிமை வேறு. ஆர்.இ.எம். என்ற அமெரிக்க ராக் குழு தன் பாடல்களை நால்வர் பெயரிலும் போட்டது. நண்பர்களுக்கு அதுவே நல்ல வழி என்பது என் கருத்து. வரி எழுதியவர் யார், ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் மெட்டு) கொடுத்தவர் யார் என்று பிற்பாடு நினைவைத் தோண்ட வேண்டாம். சமபங்கு பிடிக்கவில்லையா? பாட்டு முடிந்த அன்றே ஒரு தாளில் தலைப்பு, தேதி, யாருக்கு எத்தனை சதவீதம், கூட்டினால் 100, எல்லோருடைய கையெழுத்து.

அதே தாளில் இன்னும் இரண்டு வரி சேருங்கள்: ஒருவர் விலகினால் பேண்டின் பெயர் யாருக்கு, பொதுப்பணத்தில் வாங்கிய ஒலி மிக்ஸரில் அவர் பங்கை எந்த விலைக்குத் திருப்பித் தருவது.