26 ஒட்டாத லான்சியா

மே 16, 2025, வெள்ளி

ஐந்தாறு வருடமாகப் பரணில் கிடந்த பெட்டியை இன்று இறக்கினேன். லான்சியா டி50 ரேஸ் காரின் மாதிரி, நாற்பத்து மூன்றில் ஒரு பங்கு அளவு. கட்டி முடித்தால் உள்ளங்கை நீளம்தான் வரும். 1955 மொனாக்கோ பந்தயத்தில் ஓடிய கார். அந்தப் பந்தயம் நடந்தது மே 22. வரும் வியாழனோடு எழுபது வருடம் ஆகிறது. அதற்குள் முடித்துவிடலாம் என்று ஆசை. பார்ப்போம்.

உடலின் இரு பக்கமும், முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே, தனித்தனியாக இரண்டு பெட்டிகள் தொங்குகின்றன. முதலில் ஏதோ உபரி பாகம் என்று நினைத்துவிட்டேன். அவைதான் பெட்ரோல் டாங்குகள். அந்தக் கால ரேஸ் கார்களில் டாங்க் வால் பக்கம் இருக்கும். எரிபொருள் குறையக் குறையப் பின்பாரம் இறங்கி, தொடக்கத்தில் ஒரு காராகவும் கடைசியில் வேறொரு காராகவும் நடந்துகொள்ளும். வடிவமைத்த விட்டோரியோ யானோ பாரத்தை நடுவில் தொங்கவிட்டார். குதிரைக்கு இரு பக்கமும் மூட்டை கட்டுகிற மாதிரி. இன்ஜினையே காரின் சட்டகத்தில் ஒரு பகுதியாகவும் ஆக்கியிருந்தார். 1955க்கு இது ரொம்ப முன்னால் போன யோசனை.

மே 18, ஞாயிறு

பெயின்ட் வேலை. அக்னி நட்சத்திரத்தில் இந்தப் பொழுதுபோக்கு கூடாது என்று ஒவ்வொரு வருடமும் சொல்லிக்கொள்கிறேன். தூரிகையைத் தொட்டு எடுப்பதற்குள் நுனி காய்ந்துவிடுகிறது. விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து அடித்ததில் ஒரு கோட்டிங் ஓரளவு சரியாக வந்தது. ஃபெராரிச் சிவப்பு அல்ல இது. கொஞ்சம் கறுத்த, பழுத்த நாவல்பழத் தோலைத் தேய்த்தால் வருகிற சிவப்பு.

காயும்வரை அந்த 1955 பந்தயத்தின் தகுதிச் சுற்று நேரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மெர்சிடிஸில் ஃபாங்கியோ 1 நிமிடம் 41.1 வினாடி. லான்சியாவில் ஆல்பெர்ட்டோ அஸ்காரியும் அதே 1 நிமிடம் 41.1. பத்தில் ஒரு பங்கு வினாடிவரை சமம்! மூன்றாவது இடத்தில் மெர்சிடிஸின் ஸ்டிர்லிங் மாஸ். முன்வரிசை இந்த மூவர்தான். ஒன்பதாவது இடத்தில் பழைய ஃபெராரியோடு ஒருவர் நின்றார். அவரை அப்போது யாரும் கண்டுகொள்ளவில்லை.

மே 20, செவ்வாய்

கரண்ட் இல்லை. ஒன்றும் செய்யவில்லை.

மே 22, வியாழன்

கார் முடியவில்லை. சக்கரம் மாட்டியிருக்கிறேன், எண் ஒட்டவில்லை.

சாப்பாட்டு மேசையில் உப்பு ஜாடியைச் சுரங்கப்பாதையாகவும் ஊறுகாய் பாட்டிலைக் கசினோவாகவும் வைத்து மகளுக்குப் பந்தயத்தைச் சொன்னேன். ஊருக்குள்ளேயே ஓடும் சாலை. ஒரு சுற்று 3.145 கிலோமீட்டர், மொத்தம் 100 சுற்று. கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். கசினோவரை ஏறி, அங்கிருந்து ரயில் நிலைய வளைவுக்கு இறங்கி, சுரங்கப்பாதை வழியாகத் துறைமுகக் கரைக்கு வரவேண்டும்.

அன்று மெர்சிடிஸ் வெள்ளிக் கார்களை யாரும் தொட முடியவில்லை. ஃபாங்கியோ முன்னால், மாஸ் பின்னால், அப்படியே பாதித் தூரம். 49ஆவது சுற்றோடு ஃபாங்கியோவின் கார் நின்றது. சரி, மாஸ் இருக்கிறாரே. 80 சுற்று தாண்டியதும் அவர் இன்ஜினிலிருந்து புகை. மூன்றாவது மெர்சிடிஸ் அதற்கு வெகு முன்பே படுத்துவிட்டது. ஆக மூன்றும் காலி.

மாஸ் நின்றதும் முதலிடம் அஸ்காரிக்கு வரவேண்டியது. வரவில்லை. அதே 81ஆவது சுற்றில் சுரங்கத்தின் இருட்டிலிருந்து வெயிலுக்குள் இறங்கி, கரையோரத்துச் சிறு திருப்பத்துக்கு வந்த லான்சியா திரும்பவில்லை. வைக்கோல் கட்டுகளைப் பிய்த்துக்கொண்டு நேரே கடலில் பாய்ந்தது. பிரேக் சிக்கல் என்கிறார்கள், சாலையில் எண்ணெய் என்கிறார்கள், மாஸ் நின்றதைக் கண்டு கூட்டம் போட்ட சத்தத்தில் கவனம் சிதறியது என்கிறார்கள். நீராவி எழுந்தது, கார் மூழ்கியது. கொஞ்ச நேரத்தில் வெளிர்நீல ஹெல்மெட் ஒன்று மேலே வந்தது. நீந்தி வந்தவரைப் படகில் ஏற்றினார்கள். மூக்கு உடைந்திருந்தது, மற்றபடி அடி காயம்தான்.

“சீட் பெல்ட் போடலையாப்பா?” என்றாள். அப்போது யாரும் போடுவதில்லை, போட்டிருந்தால் காரோடு போயிருப்பார் என்றேன். “அப்ப நான் ஸ்கூட்டர்ல ஹெல்மெட் போட வேணாமா?” என்று அடுத்த கேள்வி. அம்மாவிடம் கேள் என்று தப்பித்துவிட்டேன்.

மே 23, வெள்ளி

ஜெயித்தவரைப் பற்றி நேற்று ஒரு வரிகூட எழுதவில்லை. எல்லாரும் செய்கிற தப்பை நானும் செய்திருக்கிறேன்.

மொரீஸ் த்ரந்தின்யான். ஒன்பதாவது இடத்திலிருந்து கிளம்பிய அந்த ஃபெராரி 625க்காரர். நான்கு சிலிண்டர் பழைய வண்டி, வேகத்தில் மெர்சிடிஸுக்குப் பக்கத்தில்கூட வராது. ஆனால் 100 சுற்றும் ஓடியது. 2 மணி 58 நிமிடம். இரண்டாவது வந்த லான்சியாவின் காஸ்டெலோட்டிக்கும் அவருக்கும் நடுவே 20 வினாடி இடைவெளி. உலக சாம்பியன்ஷிப் கிராண்ட் பிரியில் ஜெயித்த முதல் பிரெஞ்சுக்காரர். ஃபெராரி மறுபடி மொனாக்கோவில் ஜெயிக்க 1975வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இதை ‘அதிர்ஷ்ட வெற்றி’ என்று எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல். மூன்று மணி நேரம் கியர் மாற்றி மாற்றி, வண்டியை உடைக்காமல் கொண்டுவந்து சேர்ப்பது அதிர்ஷ்டமா? அப்படியே வைத்துக்கொண்டாலும், 1958இல் அதே தெருக்களில் குட்டி கூப்பர் காரில் மறுபடி ஜெயித்தாரே, அதற்கு என்ன சொல்வார்கள்?

இவருடைய பட்டப்பெயர் அதைவிட சுவாரசியம். போரின்போது தன் புகாட்டி காரை ஒரு கொட்டகையில் ஒளித்து வைத்திருந்தார். 1945இல் பாரிஸில் போருக்குப் பிந்தைய முதல் பந்தயத்துக்கு அதை எடுத்து ஓட்டினால் நடுவழியில் நின்றுவிட்டது. எரிபொருள் பாதை முழுக்க எலிப்புழுக்கை! கொட்டகையில் எலிகள் குடித்தனம் நடத்தியிருக்கின்றன. அன்றிலிருந்து நண்பர்கள் வட்டாரத்தில் அவர் பெயரே எலிப்புழுக்கை. மனிதர் கோபித்துக்கொள்ளவில்லை. பின்னால் திராட்சைத் தோட்டம் வைத்து ஒயின் போட்டபோது அதற்கும் அந்தப் பெயரையே வைத்தார். ஊருக்கு மேயராகவும் இருந்தார்.

மே 24, சனி

எண் ஒட்டும் நாள். பெட்டியோடு வந்த டெக்கால் தாளில், அதாவது தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் ஸ்டிக்கர் தாளில், லான்சியா அணியின் நான்கு கார்களுக்கும் எண் இருக்கிறது: 26, 28, 30, 32. அஸ்காரியினுடையது 26. கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, வெட்டிய துண்டை ஊறவைத்து, தூரிகையால் தள்ளினேன். பழைய தாள், பரண் சூடு வேறு. எண் வழுக்கி வெளியே வந்ததும் அப்பளம் மாதிரி நாலாக உடைந்து, கிண்ணத்தின் அடியில் போய்ப் படுத்துவிட்டது. குறட்டால் எடுக்கப் பார்த்தேன், தூளாகிவிட்டது.

இந்த 26 சமாசாரமே எனக்கு அலர்ஜி. அஸ்காரிக்கு கறுப்புப் பூனை ஆகாது, சில எண்கள் ஆகாது, தன் நீல ஹெல்மெட்டை இன்னொருவர் தொடக்கூடாது. அவருடைய அப்பா அன்டோனியோவும் பந்தய ஓட்டுநர். 1925 ஜூலை 26 அன்று பந்தயத்திலேயே இறந்தார், வயது 36. இதையெல்லாம் கோத்து ஜாதகம் எழுதுகிற கூட்டம் ஒன்று எல்லா மொழியிலும் இருக்கிறது. அப்படிப்பட்டவர்களை மறுக்கலாம் என்று உட்கார்ந்தவன், வேறொன்றில் மாட்டிக்கொண்டேன். மொனாக்கோ பந்தயத்தில் காரோடு கடலில் விழுந்த இன்னொருவர் பால் ஹாக்கின்ஸ், 1965இல். அவரும் நீந்திக் கரையேறினார். நான்கு வருடம் கழித்து இங்கிலாந்தில் ஒரு பந்தயத்தில் இறந்தார். 1969 மே 26.

தற்செயல்தான். சந்தேகமே இல்லை. ஆனாலும் கிண்ணத்துத் தண்ணீரை உடனே கொண்டுபோய்ச் செடியில் ஊற்றிவிட்டு வந்தேன்.

மே 25, ஞாயிறு

மாலை ஆறரைக்கு இந்த வருட மொனாக்கோ. நாரிஸ் முதலில் கிளம்பி முதலிலேயே முடித்தார். இப்போது 78 சுற்றுதான், ஒன்றே முக்கால் மணிக்குள் ஆட்டம் முடிந்தது. எல்லாரும் இரண்டு தடவை டயர் மாற்றியே ஆகவேண்டும் என்று புது விதி வேறு. முந்துவதற்கு இடமில்லாத தெருவில் விதியைப் போட்டு விறுவிறுப்பு வரவழைக்கப் பார்க்கிறார்கள். பாதியில் எனக்குக் கண் சொக்கிவிட்டது.

இரண்டாவது வந்த லெக்லெர் அந்த ஊர்க்காரர். போன வருடம் ஜெயித்தபோது, லூயி ஷிரோனுக்குப் பிறகு சொந்த மண்ணில் ஜெயித்த மொனாக்கோக்காரர் என்றார்கள். ஷிரோன் ஜெயித்தது 1931இல். அப்போதுதான் பொறி தட்டியது. எழுந்து போய் டெக்கால் தாளை எடுத்துப் பார்த்தேன்.

மே 26, திங்கள்

கடலில் விழுந்த நான்காம் நாள், இதே தேதியில், அஸ்காரி மோன்சாவுக்குப் போனார். அன்று ஓட்டுவதாகத் திட்டமே இல்லை. காஸ்டெலோட்டி ஒரு ஃபெராரி விளையாட்டுக் காரைச் சோதித்துக்கொண்டிருந்தார். நானும் சில சுற்று போய் வருகிறேன் என்று கோட்டைக் கழற்றிவிட்டு, டையோடு ஏறி உட்கார்ந்தார். தன் ஹெல்மெட் இல்லாததால் காஸ்டெலோட்டியுடையதை வாங்கி மாட்டிக்கொண்டார். மூன்றாவது சுற்றில் கார் உருண்டது. 36 வயது. லான்சியா கம்பெனி அந்த ஜூலையில் கார்களையெல்லாம் ஃபெராரியிடம் ஒப்படைத்துவிட்டது.

மகள் பள்ளி விடுமுறையில் சும்மாதான் இருந்தாள். தாளைக் காட்டி, மிச்சமிருக்கும் மூன்றில் எது என்றேன். யார் யார் என்று கேட்டாள். 28 வில்லோரேசி, ஐந்தாவது வந்தவர். 30 காஸ்டெலோட்டி. 32 ஷிரோன், 55 வயதில் தன் ஊர்த் தெருவில் ஓட்டி, ஐந்து சுற்று பின்தங்கி ஆறாவதாக வந்தவர். உலக சாம்பியன்ஷிப் பந்தயத்தில் அதைவிட வயதான ஒருவர் இன்றுவரை ஓட்டியதில்லை.

“தாத்தா கார்” என்றாள்.

இந்தத் தடவை வெதுவெதுப்பான தண்ணீர். முன்னெச்சரிக்கையாக டெக்கால் மேல் ஒரு பூச்சு வார்னிஷ். 32 உடையாமல் வழுக்கி வந்தது. மூக்கில் ஒன்று, வால் பக்கம் ஆளுக்கொன்று. இடது பக்கத்தது கொஞ்சம் சாய்ந்திருக்கிறது, அதை அவள் ஒட்டினாள்.